உயிர்த்தயையும் உயிர்த்தொகையும்

தாம்பரத்தில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், ஐந்தாம் வகுப்பு மாணாக்கரை ஆண்டுக்கு ஒருமுறை கிண்டி சிறுவர் பூங்காவிற்கும் அதனை அடுத்த பாம்புப் பண்ணைக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். மின்சார ரயிலில் சென்று கிண்டியில் இறங்கி, இருவர் இருவராகக் கைகோத்து வரிசையாக நடக்கச் செய்வோம். 1984-ஆம் ஆண்டு என்று நினைவு. கம்பி வேலிக்கு அப்பால் நின்ற புள்ளிமான்களைப் பார்த்துக் கொண்டிருந்த மாணவன் ஒருவன் நம் சேலைத் தலைப்பை இழுத்து, “டீச்சர், இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. இந்த மானெல்லாம் சாகாமல் சந்தோஷமாக இருக்கும், இல்லையா?” என்று வினவினான். நாம் “ஆமாம் கண்ணு” என்றோம். அவன் மனநிறைவோடு தன் பொட்டலத்திலிருந்த பூரியில் பாதியைப் பிய்த்து வேலிக்குள் எறிந்தான்.

அந்த ‘ஆமாம்’ பிழையானது என்று உணர நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பாடநூலில் உணவுச் சங்கிலி என்று ஒரு படம் இருக்கும். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என அம்புக்குறி இட்டு வரைந்திருப்பார்கள். அதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த அம்புகளில் ஒன்றை அழித்தால் என்ன நேரும் என்று பாடநூலும் கேட்கவில்லை, நாமும் கேட்டதில்லை.

இவ்விதழின் வாசகர்களுள் பெரும்பாலோர் நாள்தோறும் ஏதேனும் ஓர் உயிருக்கு உணவிட்ட பின்னரே தாம் உண்ணும் பழக்கமுடையவர்கள். சிலர் கோசாலைக்குப் பொருள் அனுப்புகின்றனர். சிலர் மொட்டைமாடியில் புறாக்களுக்குச் சோளம் இறைக்கின்றனர். சிலர் தெருநாய்க்குச் சோறு வைக்கின்றனர். நாமும் அவர்களுள் ஒருவரே. ஆகவே இங்கு எழுதப்படுவது பிறரைக் குறைகூற எழுந்ததன்று. ஓர் உயிரிடத்துக் காட்டும் தயை, அவ்வுயிரைச் சூழ்ந்த ஏனைய உயிர்களிடத்தும் தயையாகவே சென்று முடிகிறதா என்னும் வினா நம்மைச் சில ஆண்டுகளாக உறுத்தி வருகிறது. அதனை வாசகர்முன் வைக்கிறோம்.

முதலில் கிண்டிக்கே வருவோம். அக்காடு ஆளுநர் மாளிகையைச் சார்ந்த வேட்டைக்காடாக இருந்தது. 1950-களில் அதில் பெரும்பகுதி பிரிக்கப்பட்டு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு அளிக்கப்பட்டது. காந்தியடிகள், இராஜாஜி, காமராசர் ஆகியோரின் நினைவு மண்டபங்களும் அதே வனப்பரப்பில் எழுந்தன. எஞ்சியது 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதன் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். அதாவது 270 ஹெக்டேர். நாற்புறமும் சாலையும் சுவரும் கட்டடமும் சூழ்ந்த தீவு அது. அங்குள்ள புள்ளிமான்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை என்றே கருதப்படுகிறது.

பழைய வழக்கப்படி ஒரு கரும்பலகைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மான்கள் உள்ளன என்று கொள்வோம். புலியும் இல்லை, வேட்டையும் இல்லை. ஐந்தாண்டிற்கு ஒருமுறை அவற்றின் எண்ணிக்கை இரட்டிக்கிறது என்றும் கொள்வோம். ஐம்பதாண்டுகளில் பத்துமுறை இரட்டித்து 10,240 மான்கள் ஆகிவிடும். ஒரு ஹெக்டேருக்கு 38 மான்கள். அக்காடு அந்த நெருக்கத்தை நெடுநாள் தாங்காது. கிண்டியில் பத்தாயிரம் மான்கள் என்றும் இருந்ததில்லை. எனில், பிறந்தவற்றுள் பெரும்பாலானவை எப்படியோ, எங்கேயோ இறந்துபோயின. புலி இல்லாத காட்டில் சாவும் இல்லை என்று அந்தக் குழந்தையிடம் சொன்னோமே, அச்சாவு பசியாகவும் நோயாகவும் உருமாறி வந்து கொண்டுதான் இருந்திருக்கிறது. சித்திரை வைகாசியில் புல் காய்ந்த பின் தாய்மானுக்குப் பால் வற்றும். கன்று எழுந்து நிற்காது. நெருக்கம் மிகுந்தால் குடற்புழுவும் உண்ணியும் மிகும். இளைத்த மான் பிந்தியே கருவுறும். இப்படி ஓர் இனத்தின் பெருக்கத்திற்கு அவ்வினத்தின் நெருக்கமே தடையாக வந்து நிற்கிறது. வண்டிக்காரன் கடிவாளத்தைப் பிடிக்காவிடினும், வண்டியின் பாரமே சக்கரத்தை மெல்லச் செய்வது போன்றது இது.

இந்தத் தடை உரிய காலத்தில் விழுமானால் எண்ணிக்கை ஓரளவில் நிலைத்து நிற்கும். பிந்தி விழுமானால் பெருங்கேடு விளையும். இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1944-இல், அலாஸ்காவை அடுத்த பெரிங் கடலில் உள்ள செயின்ட் மாத்யூ என்னும் தீவில், அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டனர். போர்க்காலத்தில் அங்கிருந்த வீரர்களுக்கு உணவு தட்டினால் உதவும் என்பது எண்ணம். போர் முடிந்து வீரர்கள் திரும்பிவிட்டனர், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் இல்லை, கரடியின் தொல்லையும் இல்லை. தரையெங்கும் மரப்பாசி போன்ற குளிர்நாட்டுப் பூண்டு மெத்தைபோல் படர்ந்திருந்தது. 1963-இல் மான்கள் 6,000 ஆயின. மெத்தை தேய்ந்தது. அப்பூண்டு மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும் இயல்புடையது. அடுத்து வந்த கடுங்குளிர் ஒன்றில் கூட்டம் கூட்டமாக அவை மடிந்தன. 1966-இல் எண்ணியபோது எஞ்சியிருந்தவை 42. அவற்றுள் வளமான ஆண்மான் ஒன்றும் இல்லாமையால், பின்னர் அவ்வினமே அத்தீவில் அற்றுப்போயிற்று.

அந்த ஆறாயிரத்தையும் கொன்றவர் யார்? துப்பாக்கி எடுத்தவர் ஒருவரும் இல்லை. நம் சமயநூல்கள் ஹிம்சையை மனத்தால், வாக்கால், காயத்தால் என்றும், தான் செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்றும் நுணுகிப் பிரித்திருக்கின்றன. இருபத்தொன்பதைக் கொண்டுபோய் விட்டவர் எந்தக் கட்டத்துள் அடங்குவார் என்று நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்ததுண்டு.

கிண்டியில் மற்றொன்றும் நடந்தது. அங்கே புள்ளிமான் மட்டுமன்றி வெளிமானும் உண்டு. முறுக்குக் கொம்புடைய அழகிய உயிர். திறந்த புல்வெளியில் நாற்றிசையும் பார்வை ஓடும் இடமே அதற்கு வாழிடம். அங்குள்ள பழைய போலோ மைதானத்துப் புல்வெளிதான் அதன் முக்கியப் புகலிடம். புள்ளிமானோ புல்லையும் உண்ணும், தழையையும் உண்ணும், தூங்குமூஞ்சி மரத்தின் காய்களையும் பொறுக்கித் தின்னும். மண்டபத்துக்கு வருவோர் போடும் பண்டத்தையும் வேண்டாம் என்னாது. இவ்விரண்டையும் ஒரே வேலிக்குள் அடைத்து, புல்வெளியில் முட்புதர் மண்டவும் விட்டால், எது பெருகும், எது குறையும் என்று சொல்லத் தேவையில்லை. எது கைக்கெட்டும் தூரத்தில் வருகிறதோ அதற்கே நம் பூரியும் பிஸ்கோத்தும் போகின்றன. வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கும் வெளிமானின் வாயிலிருந்து அவை மறைமுகமாகப் பறித்தவை என்பது எறிகிற குழந்தைக்கும் தெரியாது, அருகில் நிற்கும் ஆசிரியைக்கும் தெரியாது.

அக்காட்டில் இன்று மான்கன்றைப் பிடிக்கக்கூடிய இயற்கைப் பகை நரி ஒன்றே. பூனையிடமிருந்து எலியைப் பறித்துக் காப்பது அறமா, பூனையின் பசிக்கு யார் பொறுப்பு என்னும் வினா சமண உலகில் பன்னூறு ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. பிறிதோர் உயிர் தன் இயல்பால் செய்வதற்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் யோகத்தால், நம் கவனமின்மையால் விளைவதற்கே நாம் பொறுப்பாளி என்பது நாம் கற்ற அளவில் ஆன்றோர் கண்ட முடிவு. நரி கன்றைப் பிடிப்பது அதன் வினைப்பயன். ஆனால் நரியையும் விரட்டிவிட்டு, வேலியும் போட்டு, பூரியும் எறிவது நம் செயல். இவ்வேறுபாட்டை இளமையில் நாம் சரியாக உணரவில்லை.

இனி நம் தெருக்கதை. இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

2008-இல் பணி ஓய்வு பெற்றபின் சேலையூர்ப் பக்கத்தில் குடியேறினோம். பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்துவிடும் வீடு நம்முடையது. மிஞ்சிய சோற்றைத் தயிர்விட்டுப் பிசைந்து வாயிற்படியோரம் ஒரு மண்சட்டியில் வைப்போம். செவலை நிறத்துப் பெட்டைநாய் ஒன்று நாள் தவறாமல் வரும். அடுத்த ஆண்டு அதன் மகளும் வந்தது. சட்டி போதாமல் சோறு தனியாகவே வடித்தோம். ஆசிரியத் தொழிலின் பழக்கம் விடவில்லை. பழைய நோட்டுப்புத்தகம் ஒன்றில் குட்டிகளின் பிறப்பையும் இறப்பையும் குறித்து வந்தோம். மூன்றாண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது, இரண்டு தாய்களுக்கும் சேர்த்துப் பிறந்தவை 31. உயிரோடு இருந்தவை 4. சில வேன் சக்கரத்தில் மாண்டன. மழைக்காலத்தில் கழிச்சல் கண்டு ஒரே வாரத்தில் ஒரு ஈற்று முழுதும் போயிற்று. ஒவ்வொரு குட்டிக்கும் நம் கையாலேயே மண் தள்ளினோம். அண்டை அயலார் நம்மைப் புண்ணியவதி என்றார்கள்.

ஒருநாள் இரவு அந்த நோட்டைப் பார்த்துக் கொண்டிருக்கையில், செயின்ட் மாத்யூ தீவின் கணக்கும் இந்தக் கணக்கும் ஒன்றே என்று பட்டது. தாய்நாய்க்கு வயிறு நிறையச் சோறு கிடைத்ததால்தான் ஆண்டுக்கு இருமுறை ஈன்றது. பிறந்த குட்டிக்குத் தெருவில் இடமில்லை. சட்டிச் சோற்றால் நாம் இருபத்தேழு சாவுகளைப் பிறப்பித்திருந்தோம்.

அதே ஆண்டில் எதிர்வீட்டுப் பேரக்குழந்தையைக் கன்று ஈன்ற பசுபோல் சீறிவந்த ஒரு தாய்நாய் கடித்துவிட்டது. குழந்தைக்கு வரிசையாக ஊசி போட நேர்ந்தது. தெருவில் கூட்டம் கூடியது. சிலர் எல்லா நாய்களையும் பிடித்துக் கொண்டுபோய்த் தொலைவில் விட்டுவிட வேண்டும் என்றனர். ஒருவர் பிஸ்கோத்தில் மருந்து வைப்பது பற்றியும் தாழ்ந்த குரலில் பேசினார். நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடலாம் என்று நாம் சொன்னோம். அதற்கு எதிர்ப்பு நாம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நம் சமூகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், நம்மினும் பத்து வயது மூத்தவர், “டீச்சரம்மா, கொல்லுவது பாவம் என்கிறீர்கள், சரி. அறுத்துத் தைப்பது மட்டும் ஹிம்சை இல்லையா? ஒரு ஜீவனின் சந்ததியை அழிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?” என்று கேட்டார்.

அவருக்கு அன்று சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. “ஐயா, அதுவும் ஹிம்சைதான். ஆனால் நான் வைத்த சோறு அதற்கு முந்தைய ஹிம்சை” என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் கைத்தடியை ஊன்றி எழுந்து போனார். பின்னர் அறுவைக்கான செலவில் ஒரு பங்கை அவர் மகன் கையில் கொடுத்தனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாய்களை அப்புறப்படுத்துவதால் பயன் விளைவதில்லை என்பதைச் சென்னை மாநகரமே ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடம் கற்றுத் தெரிந்துகொண்டது. வெள்ளையர் காலந்தொட்டு 1990-களின் நடுப்பகுதிவரை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. எண்ணிக்கை குறையவில்லை. 1964-இலேயே மாற்றுவழியாகக் கருத்தடையை முன்வைத்த நீலச்சிலுவைச் சங்கத்தின் வழியை மாநகராட்சி 1996-இல் ஏற்றுக்கொண்டது. நாடு முழுமைக்குமான விதிகள் 2001-இலும், திருத்திய விதிகள் 2023-இலும் வந்தன. கொல்வது ஏன் பயன் தரவில்லை என்பதற்கு விடை நாயினத்தின் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு தெருவையும் ஒரு கூட்டம் தன் எல்லையாகக் கொண்டு காக்கிறது. அக்கூட்டத்தை அகற்றினால் குப்பைத்தொட்டியும் சோற்றுச்சட்டியும் அப்படியே இருக்க, காவல் மட்டும் நீங்குகிறது. அடுத்த தெருவிலிருந்து இளநாய்கள் புகுந்து, போட்டியில்லாத இடத்தில் மளமளவென்று ஈனும். அறுவை செய்யப்பட்ட நாய் தன் எல்லையைக் காக்கும், ஆனால் பெருக்காது. கடியைத் தடுக்க நாம் எந்தப் பூசலை வெறுக்கிறோமோ, அந்த உள்ளினப் பூசலே எண்ணிக்கையை நிலைப்படுத்தும் வேலியாகவும் நிற்கிறது. எனினும் இது பத்தில் இரண்டு நாய்க்குச் செய்தால் நடக்கிற காரியமன்று. பெரும்பாலானவற்றிற்குச் செய்தாக வேண்டும். குப்பையும் குறைய வேண்டும். அது முழுமையாக நடவாத ஊர்களில் கடிபட்டோரின் துன்பம் 2025-இல் உச்சநீதிமன்றம் வரை சென்று, ஆணைமேல் ஆணை பிறக்க நேர்ந்ததை அனைவரும் அறிவோம். கடிபட்ட ஏழைக் குழந்தையும் ஓர் உயிர்தான் என்பதை நாய்ப்பற்று மிகுந்தோர் சிலர் மறந்து பேசுவது நமக்கு வருத்தமளிக்கிறது.

கிண்டியை ஒட்டிய தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இந்த இரு கதைகளும் ஒன்றாக முடிச்சிட்டுக் கொண்டன. அங்கே மானும் உண்டு, நாயும் உண்டு. நாய்கள் மானைத் துரத்திக் கொல்வதும், மான்கள் பிளாஸ்டிக் உறைகளை விழுங்கி மாள்வதும் பலமுறை செய்தியாயின. 2020-21-இல் வளாகத்து நாய்கள் பிடித்து அடைக்கப்பட்டதும், அதுபற்றிய வழக்கு உயர்நீதிமன்றத்திற்குச் சென்றதும் வாசகர்க்கு நினைவிருக்கலாம். மானுக்காக அழுவோர் ஒருபுறம், நாய்க்காக அழுவோர் ஒருபுறம். இருவரும் ஜீவதயையின் பெயராலேயே பேசினர். நரி மானைப் பிடிப்பதற்கும் நாய் பிடிப்பதற்கும் என்ன வேற்றுமை என்று கேட்கலாம். பெரிய வேற்றுமை உண்டு. நரி காட்டில் கிடைக்கும் இரையை நம்பி வாழ்கிறது. இரை குறைந்தால் நரியும் குறையும், அதனால் இரைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இத்தாலியக் கணித அறிஞர் வோல்டெர்ரா 1926-இல், கடலில் வேட்டை மீனும் இரை மீனும் ஒன்றையொன்று தொடர்ந்து ஏறியும் இறங்கியும் வருவதைச் சமன்பாடாக எழுதிக் காட்டினாரே, அந்த ஊஞ்சல் இதுதான். நாயோ மானை நம்பி வாழவில்லை. அதன் சோறு விடுதியிலிருந்தும் வீட்டுவாயிலிலிருந்தும் வருகிறது. மான் கடைசி ஒன்றாகக் குறைந்தாலும் நாய் குறையாது. ஊஞ்சலின் ஒரு கயிற்றை நம் சட்டி அறுத்துவிட்டது.

இவற்றினும் நெஞ்சைச் சுடுவது பாறுகளின் கதை. வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் பிறந்தோம். இளமையில், ஊருக்கு வெளியே இறந்த மாட்டை இட்ட இடத்தில் பாறுகள் வட்டமிட்டு இறங்குவதைக் கண்டிருக்கிறோம். அம்மா, “பார்க்காதே, வா” என்று இழுத்துச் செல்வார். மறுநாள் அங்கே வெள்ளெலும்பு மட்டும் கிடக்கும். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, நண்பகலில் மலைமீது குருக்கள் ஊட்டும் சர்க்கரைப் பொங்கலை உண்ண வரும் மஞ்சள்முகப் பாறுகள் இரண்டையும் மாணாக்கருக்குக் காட்டியிருக்கிறோம். 1990-களுக்குப் பின் அவை வரவில்லை. அவ்விரண்டும் எதனால் வராமற்போயின என்று அடித்துக் கூற இயலாது. ஆனால் அதே காலத்தில் நாடு முழுவதும் பாறுகள் வானத்திலிருந்து மறைந்துகொண்டிருந்தன. கோடிக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்திற்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது.

காரணம் 2004-இல் தெளிவாயிற்று. டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி. மூட்டுவலிக்கு நாமும் விழுங்கிய மாத்திரைதான். 1990-களில் விலை மலிந்து, மாடுகளுக்கும் ஊசியாகப் போடப்பட்டது. அம்மருந்து உடலில் தங்கியிருக்கையில் மாடு இறந்து, அதனைப் பாறு தின்றால், பாறின் சிறுநீரகம் பழுதாகிச் சில நாட்களில் மாளும். இறந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றிற்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே பாறினம் அழியப் போதும் என்று ஆய்ந்தோர் கணக்கிட்டனர். ஏனெனில் ஒரே உடலைப் பல பறவைகள் கூடி உண்கின்றன. பாறு ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும், அது பருவமெய்தவே ஐந்தாண்டு ஆகும். நாயைப்போல் இழப்பை ஓராண்டில் ஈடுகட்ட அதனால் ஆகாது.

மாட்டுக்கு அந்த ஊசியைப் போட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேலை செய்ய முடியாத கிழமாட்டை அடிமாட்டுக்கு விற்கமாட்டேன் என்று வைத்துக் காப்பாற்றியவர்கள். அதன் நொண்டலைக் காணப் பொறாதவர்கள். நாம் நான்கு தானங்களுள் ஒன்றாகப் போற்றும் ஔஷததானம் அது. அந்தத் தானம் ஓர் இனத்தையே அழிவின் விளிம்பிற்குத் தள்ளிவிட்டது. பாறு போன இடத்தில் அழுகிய உடல்கள் கிடந்தன, அவற்றை உண்டு நாய்கள் பெருகின, நீரும் கெட்டது. 2024-இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று, 2000 முதல் 2005 வரை, பாறுகள் மறைந்த மாவட்டங்களில் மனிதச் சாவு ஏறக்குறைய ஐந்து லட்சம் கூடிற்று என்று மதிப்பிட்டது. பாறு செய்துவந்த பணியின் அளவு அது. அருவருப்போடு நாம் முகம் திருப்பிக்கொண்ட பறவை.

2006-இல் மைய அரசு கால்நடைக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. மனிதர்க்கான பெரிய மருந்துப்புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க 2015-இல் ஊசிமருந்தின் அளவு மூன்று மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் ஆகிய இரண்டும் தடைசெய்யப்பட்டன. மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுக்குத் தீங்கற்றது என்று தெரிந்துள்ளது. தமிழகத்தில் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் இன்றும் கூடுகட்டுகின்றன.

அறியாமல் செய்தது வேறு. கவனமின்மையோடு கூடிய செயலே ஹிம்சை என்று நம் ஆன்றோர் வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறது. 2004-க்கு முன் ஊசி போட்டவரை நாம் குற்றம் சொல்லோம். இன்று கேளாமலும் பாராமலும் போடுகிறவரை, போடுவதற்குப் பொருள் அனுப்புகிறவரை என்ன சொல்வது? நான்கு தானங்களில் ஞானதானமும் ஒன்றாக வைக்கப்பட்டது புத்தகம் அச்சிட்டு வழங்குவதற்கு மட்டும்தானா என்றும் சில வேளை ஐயுறுகிறோம்.

இவ்வாறு எழுதுவதால், இனங்களின் நிலைபேற்றிற்காகத் தனியுயிரைக் கொல்லலாம் என்னும் வாதத்திற்கு நாம் துணைபோகிறோம் என்று கருதிவிட வேண்டா. மிகுந்த மான்களை ஆண்டுதோறும் சுட்டு எண்ணிக்கையைச் சரிசெய்யும் நாடுகள் உண்டு. அவர்கள் கணக்கு பிழையென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் ‘தொகை’ என்பது வலியை உணர்வதில்லை. சுடப்படும் மான் உணர்கிறது. பிறப்பு, இறப்பு என்னும் இரு பத்திகளையுடைய பேரேட்டில், இறப்புப் பத்தியை மட்டும் மறைத்துப் பிறப்புப் பத்தியைத் திறந்துவிடுவது தயை ஆகாது என்ற அளவிலேயே நம் வாதம் நிற்கிறது. பிறப்பைக் குறைக்க வழியுள்ள இடத்தில் அதைச் செய்யலாம். வழியில்லாத இடத்தில்? எலிக்கும் கொசுவுக்கும் என்ன விடை? நமக்கு அதில் தெளிவில்லை. டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில் மாநகராட்சியின் புகைவண்டி தெருவில் வரும்போது நாம் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். அது அறமா, கோழைத்தனமா என்று நமக்கே தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் துணிகட்டி மூடி, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது மட்டும் எளிதான அஹிம்சை என்று கண்டிருக்கிறோம்.

புறாக்களைப் பற்றி ஒரு சொல். 2025 ஆகஸ்டில் மும்பை தாதரிலுள்ள புறாக்கூடத்தை மாநகராட்சி மூடியதும், நம் சமயத்தார் பலர் திரண்டதும் செய்தியாயிற்று. எச்சத்தூசால் நுரையீரல் கெடும் என்பது ஒரு தரப்பு; பசித்த வாயை மூடலாகாது என்பது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. பல ஆண்டுகள் மூட்டைமூட்டையாகத் தானியம் இறைத்துப் பெருகச் செய்த கூட்டத்தை ஒரே நாளில் பட்டினி போடுவது கொடுமை. அது செயின்ட் மாத்யூவின் குளிர்காலத்தை நம் கையால் வரவழைப்பது. மூட்டையை ஆண்டுக்கு ஆண்டு சிறிதாக்கிக் கொண்டு வருவது வேறு. சண்டையில் இந்த நடுவழியைப் பேசியவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

உயிர்களுக்கிடையே போட்டியும் வேட்டையும்தான் உண்டு என்பதில்லை. தாம்பரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளுக்குத் தீங்கு செய்யலாகாது என்று கவுல் பெற்றனர். ஊரார் நாரைக்கும் கொக்குக்கும் ஒரு பிடி தானியமும் வைத்ததில்லை. சுடாமல் இருந்தனர், மரத்தை வெட்டாமல் இருந்தனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு எருவாயிற்று. எத்தனை பறவை கூடுகட்டலாம் என்பதை நீர்க்கடம்பு மரக்கிளைகளும் அவ்வாண்டு மழையும் முடிவுசெய்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த உறவு குலையவில்லை. நம் மண்சட்டியையும் அந்த ஊராரின் வெறுங்கையையும் ஒப்பிட்டுப் பார்த்து நாம் நாணியதுண்டு.

செவலை இப்போது இல்லை. அதன் மகளுக்குக் காதோரம் அறுவைக்கான வெட்டடையாளம் உண்டு, கண்ணும் மங்கிவிட்டது. அதனோடு மேலும் நான்கு. புதிய குட்டி தெருவில் பிறந்து ஆண்டுகள் பல ஆயின. அவை ஐந்திற்கும் இன்றும் பொழுது சாயுமுன் அளந்து ஒரு பிடி வைக்கிறோம்.

சென்ற பர்யூஷண நாட்களில், நாம் வழக்கமாகப் பொருள் அனுப்பும் கோசாலை ஒன்றிற்குப் பணவிடையோடு ஒரு கடிதமும் எழுதினோம். நோயுற்ற மாடுகளுக்கு வலிக்கு என்ன ஊசி போடுகிறீர்கள், இறந்த மாட்டை என்ன செய்கிறீர்கள் என்று இரண்டே கேள்விகள். பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. இதுவரை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை என்றும், மருத்துவரைக் கேட்டு எழுதுவதாகவும் மேலாளர் எழுதியிருந்தார். அடுத்த கடிதத்தில் மெலாக்சிகாம் என்று மருந்தின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டாம் கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை, மறுபடியும் எழுதியிருக்கிறோம்.